பிள்ளைகளை மூன்றாகப் பிரிக்க வேண்டாம்: ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

முத்தவல்லி அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

ரமலான் முடிந்து ஷவ்வாலில் மதரஸா திறந்ததும் பிள்ளைகளை ஒரு படிவத்தில் டிக் அடிக்க வைத்து, பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று மூன்று வகுப்பாக்கப்போவதாகச் சொன்னீர்கள். எண்ணம் நல்லதுதான். ஆனாலும் வேண்டாம்.

இந்தக் 'கற்றல் பாணி'ப் பேச்சு கேட்க நன்றாகத்தான் இருக்கும். 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்தார்கள். பாணி பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. எப்படி நடத்துவது என்பதைப் பாடம்தான் சொல்கிறது. பாயில் உட்கார்ந்து நான் கண்டதும் அதுதான்.

ஹிஜ்ரத்தை எடுங்கள். 'கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனா சென்றார்கள்.' பல வருடம் இந்த ஒரு வரியைத்தான் ஒப்பிக்க வைத்தேன். போன வருடம் கரும்பலகையில் வரைபடம் போட்டேன். மேலே மதீனா, கீழே மக்கா, அதற்கும் தெற்கே, அவர்கள் முதலில் போய் ஒளிந்திருந்த தவ்ர் குகை. கடைசிப் பாயில் இருந்த பையன் எழுந்தான்: "மதீனா மேலல்ல இருக்கு, ஏன் கீழே போறாங்க, உஸ்தாத்?" நான் வாய் திறக்கவில்லை. முன்னால் இருந்த பெண்பிள்ளை சொன்னாள்: "தேடுறவங்க மேலதானே தேடுவாங்க!"

அதற்குப் பிறகு பாடம் தானே ஓடியது. குகையில் மூன்று இரவு. பகலில் மக்காவில் ஒட்டுக்கேட்டு இரவில் செய்தி கொண்டுவந்த அப்துல்லாஹ் இப்னு அபூபக்ர் (ரலி). அவர் காலடித் தடத்தின் மேல் ஆடுகளை ஓட்டி அழித்த ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி). வழிகாட்டியாக வந்த இப்னு உரைகித் அப்போது முஸ்லிமே இல்லை என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இதில் யாரைப் பார்ப்பவர், யாரைக் கேட்பவர் என்று பிரிப்பீர்கள்?

மக்காவாசிகளுடன் செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கைக்கு வரைபடம் உதவாது. நபி (ஸல்) அவர்களின் பெயரோடு 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதக்கூடாதென மக்கா தரப்பில் பேச வந்த ஸுஹைல் மறித்ததை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாரும் கேட்க வேண்டும்.

'செய்து படிப்பவர்'களுக்கு நாடகம் போடலாம் என்றாராம் ஒருவர். நபித்தோழர்களான ஸஹாபாக்கள் வேடத்தை யாருக்குப் போடுவது? பிறகு ஃபத்வா கேட்டு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

படிவத்துக்கு ஒதுக்கிய பணத்தில் அரபுத் தீபகற்பத்தின் பெரிய வரைபடம் ஒன்று வாங்கித் தாருங்கள். இன்னொன்று: பெரிய பிள்ளைகளை ஒருநாள் அஸருக்குப் பின் கபரஸ்தானுக்குக் கூட்டிப்போக அனுமதி வேண்டும். ஹிஜ்ரத்திலிருந்து எண்ணும் ஹிஜ்ரி ஆண்டில் 1345 என்று கபரின் மேல் நட்ட ஒரு மீஸான் கல்லில் இருந்தால், 622ஐக் கூட்டி 1967 என்பார்கள். உண்மையில் அது 1926-27. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதை அந்தக் கல்லின் முன்னால் நின்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கற்களில் பாசி ஏறியிருக்கிறது. வாளியும் தேங்காய் நாரும் நானே கொண்டுவருகிறேன்.

வஸ்ஸலாம்,
மாலை மதரஸா உஸ்தாத்