செல்விக்கு, மனு போடுமுன்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. உன் போனை உன் புருஷன் எடுத்துப் பார்க்கிறான் என்று தெரிந்தபிறகு வாட்ஸ்அப்பில் எதையும் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் உன்கூட வேலை பார்க்கும் டீச்சர் பேருக்கு, ஸ்கூல் விலாசத்தில் அனுப்புகிறேன். படித்துவிட்டு அங்கேயே வைத்துவிடு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

கோர்ட்டுக்குப் போனால் வருசக்கணக்கில் இழுக்குமே, அதுவரை நான் எங்கே இருப்பேன் என்று கேட்டாய். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன், இழுக்காது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், முதல் விசாரணையைச் சாதாரணமாக 3 நாளுக்குள் வைக்கவேண்டும், 60 நாளில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்கிறது. 60 நாளில் முடிந்த கேஸ் கட்டு என் மேசையில் அபூர்வம். ஆனால் உனக்கு இப்போது வேண்டியது கடைசி உத்தரவு இல்லை. அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. அவன் தரப்பைக் கேட்பதற்கு முன்பே, நடந்ததைச் சத்தியம் செய்து நீ எழுதிக்கொடுக்கிற அபிடவிட்டை வைத்து மேஜிஸ்ட்ரேட் இடைக்கால உத்தரவு போடலாம். அதை மனுவோடு சேர்த்து அன்றைக்கே கேட்கவேண்டும். "முதலில் மெயின் மனுவைப் போடுவோம், அவர் ஆஜராகட்டும்" என்று வக்கீல் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

எல்லாம் அந்த அபிடவிட்டில்தான் இருக்கிறது. கொடுமைப்படுத்தினார், சித்திரவதை செய்தார், மன உளைச்சல் தந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவார்கள். நீதிபதி படித்துவிட்டு நோட்டீஸ் போட்டு வாய்தா கொடுப்பார். அவரையும் குறை சொல்லமுடியாது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு உத்தரவு போடுகிறவருக்கு நடந்தது கண்ணுக்குத் தெரியவேண்டாமா? என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த ரூமில், கையாலா பெல்ட்டாலா, பிள்ளை எங்கே நின்றான், கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரர் யார். தேதி ஞாபகமில்லையென்றால் 'பொங்கல் லீவு முடிந்து ஸ்கூல் திறந்த வாரம்' என்று எழுது, போதும். குத்துமதிப்பாகத் தேதி போடாதே. குறுக்கு விசாரணையில் ஒரு தேதி பிசகினால் மற்றதையும் சேர்த்து ஆட்டிவிடுவார்கள். கடைசியாக நடந்ததை முதலில் எழுது. அவசரம் என்னவென்று அதில்தான் தெரியும். அவன் மிரட்டியதை அவன் வார்த்தையிலேயே, கெட்ட வார்த்தை உட்பட எழுது. கூச்சப்படாதே, அந்த மேசையில் எல்லாம் வாசித்திருக்கிறோம்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னாயே, அந்தச் சீட்டையும் கொண்டுவா. 'அவர் பக்கத்தில் நின்றதால் பயந்து அப்படிச் சொன்னேன்' என்று நாமே முந்திக்கொண்டு எழுதிவிடவேண்டும். உன் சம்பள ஏ.டி.எம். கார்டை அவன் வைத்திருப்பதையும் விடாதே. காசைப் பிடுங்கிக்கொள்வதும் இந்தச் சட்டப்படி வன்முறைதான்.

அவன் அடிக்கக்கூடாது என்று உத்தரவு கேட்பதோடு நிறுத்தாதே. ஸ்கூலுக்கு வரக்கூடாது, போன் மெசேஜ் கூடாது, பேரன் படிக்கும் இடத்துக்குப் போகக்கூடாது, உனக்கு உதவுகிற எங்களையும் தொந்தரவு செய்யக்கூடாது, பேரன் தற்காலிகமாக உன் பொறுப்பில் இருக்கவேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும். எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம்.

வீடு மாமியார் பேரில் இருக்கிறது, எனக்கென்ன உரிமை என்றாயாம் அம்மையிடம். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. வீடு புருஷன் பேரில் இல்லாமல் மாமனார் மாமியார் பேரில் இருந்தாலும், மருமகள் குடியிருந்த வீடு என்று உரிமை கேட்கலாம். அவனை வெளியே போகச் சொல்லிக்கூட உத்தரவு வாங்கலாம். ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக அங்கேயே இரு என்று சொல்லமாட்டேன். நோட்டீஸ் அவன் கைக்குப் போகிற நாளில் நீயும் பிள்ளையும் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. இதில் மட்டும் அப்பா பேச்சைத் தட்டாதே. வெளியே வந்துவிட்டதால் உரிமை போய்விடாது.

மனுவை நீ இருக்கிற பெங்களூரிலும் போடலாம், இங்கே தென்காசியிலும் போடலாம். நீ தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர்க் கோர்ட்டே போதும். இங்கே வாங்கின உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். சமூக நலத்துறையில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் உண்டு, சம்பவ அறிக்கை அவர் எழுதித் தருவார். வக்கீல் பீஸை நினைத்து மலைக்காதே. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நம்பர் 15100. அதற்குள் ராத்திரியில் ஏதாவது என்றால் பெண்கள் உதவி எண் 181, இல்லாவிட்டால் அவசர எண் 112. யோசிக்காமல் போன் அடி.

உத்தரவும் ஒரு பேப்பர்தானே என்பாய். பேப்பர்தான். ஆனால் இன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போனால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். உத்தரவு கையில் இருந்தால் அவன் மீறுவதே தனிக் குற்றம்: ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். நகல் இலவசம். ஒன்று எப்போதும் ஹேண்ட்பேக்கில் இருக்கட்டும், ஒன்றை ஸ்கூல் ஆபீஸில் கொடுத்துவை.

நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிப்போம் என்கிறார் பெரியப்பா. உத்தரவு வந்தபிறகு எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் இருக்கிறார். இருக்கட்டும்.

ஆதார், கல்யாண போட்டோ, பேரனின் பிறப்புச் சான்று, பாஸ்புக், ஆஸ்பத்திரிச் சீட்டு, இவ்வளவும் எடுத்துக்கொள். அசல் கிடைக்காவிட்டால் போட்டோ எடுத்து டீச்சர் போனுக்கு அனுப்பிவிட்டு உன் போனில் அழித்துவிடு. நகையைத் தேடிக்கொண்டு நிற்காதே, அதைத் திருப்பித் தரச் சொல்லியும் மனுவில் கேட்கலாம். ஸ்கூல் போனிலிருந்து அம்மை நம்பருக்குக் கூப்பிட்டு, பெங்களூரா தென்காசியா என்று மட்டும் சொல். தென்காசி என்றால் நானும் தம்பியும் காரோடு ஸ்கூல் வாசலுக்கே வந்துவிடுகிறோம்.

அப்பா