இரண்டாவது முறையும் ஆல்டர்னேட்டர் போனால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் காக்கி புக்கிட் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் சிஓஇ (பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த கார்கள். பத்து வயது தாண்டிய வண்டியில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஒருமுறை போவது இயல்புதான். ஓராண்டுக்குள் மறுபடியும் போனால், அதைக் கெடுப்பது வேறு ஏதோ ஒன்று என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகப்படுகிறோம்.

இதை எழுதக் காரணம், 14 வயதான ஒரு கார். முதல் ஆல்டர்னேட்டரை வேறோர் இடத்தில் மாற்றியிருந்தார்கள். இரண்டாவதைப் பொருத்தியது நாங்கள். நான்கே மாதத்தில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்து, இரவு மழையில் தீவு விரைவுச்சாலை ஓரம் வண்டி நின்றுவிட்டது. பின் இருக்கையில் கார் உரிமையாளருடைய வயதான அம்மா. வாரன்டி இருந்ததால் உடனே இன்னொன்றைப் போட்டு அனுப்பியிருக்கலாம். அதுவும் சில மாதங்களில் நின்றிருக்கும்.

கழற்றிய ஆல்டர்னேட்டரைத் திறந்து பார்த்தோம். கார்பன் பிரஷ்ஷின் தூளும் எஞ்சின் எண்ணெயும் குழைந்து களிம்பாகிப் பிரஷ்ஷை அதன் கூட்டிலேயே ஒட்ட வைத்திருந்தது. சுழலும் ஸ்லிப் ரிங் வளையத்தைத் தொட்டு மின்சாரம் கடத்துவதே பிரஷ்ஷின் வேலை; தொடாத பிரஷ்ஷால் என்ன பயன்? எண்ணெய் வந்தது, நேர் மேலே இருந்த வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து (எஞ்சினின் மேல் மூடி வழியே எண்ணெய் கசியாமல் தடுக்கும் பட்டை). கீழே தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எல்லாம் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. முதல் முறையே பார்த்திருக்க வேண்டும். பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்குவது தொழில் வழக்கம் என்பதால், கெட்டுப்போனது அன்றே கைமாறிவிடுகிறது. அதனுடன் தடயமும் போய்விடுகிறது. இனிமேல் திறந்து பார்த்து, உங்களுக்கும் காட்டிய பிறகே திருப்பி அனுப்புவோம்.

அதே காரில் இன்னொரு கோளாறும் இருந்தது. எஞ்சின் ஓட, ஏர்கான் இயங்க, முன்விளக்கு எரிய, ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தோம். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய மின்னழுத்த இழப்பு 0.6 காட்டியது. நெகடிவ் முனைக்குச் செல்லும் எர்த் கேபிளின் போல்ட்டுக்கு அடியில் பச்சையாகத் துரு பூத்திருந்தது. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தும் பேட்டரிக்கு அது முழுதாகப் போய்ச் சேரவில்லை. பாசிடிவ் கேபிளையும் இதே முறையில் சோதிக்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று ஆண்டு உழைத்தாலே நல்லது. ஒரு செல் கெட்ட பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் நிறையாது. ஆல்டர்னேட்டர் ஓயாமல் முழு பலத்தில் ஓடிச் சூடாகும், அதற்குள் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் வெந்துவிடும். ஜோகூர் பாலத்து நெரிசலில் நிலைமை இன்னும் மோசம்: எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். ஆகவே பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், ஜம்ப் ஸ்டார்ட் செய்து "ஓட்டினால் ஏறிவிடும்" என்று நம்பாதீர்கள். சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றுங்கள். எங்களிடம் ஓரிரவு விட்டுச் சென்றாலும் ஏற்றித் தருகிறோம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி 'சோதிக்கும்' பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் மின்னழுத்தம் டயோடுகளையும் எஞ்சின் கணினியையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

எண்ணெய்க் கசிவு, இரண்டு கேபிள்கள், பெல்ட், பேட்டரி ஆகியவற்றைப் பார்க்காமல் இரண்டாவது ஆல்டர்னேட்டரை இனி எங்கள் பட்டறையில் பொருத்த மாட்டோம். இதற்கு அரை நாள் கூடுதலாகும். தனிக் கட்டணம் கிடையாது. வேறு இடத்தில் மாற்றியிருந்தால் அந்த பில்லையும், கிடைத்தால் கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரையும் கையோடு கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்