ஐந்து மணி ஆட்டம், எட்டு மணிச் சாப்பாடு

கண்டி
ஞாயிறு காலை

அன்பின் செல்வம்,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. மூத்தவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். தோட்டப் பள்ளிக்கூடம் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாளாமே? முதல் சம்பளம் வரட்டும், சரியாகிவிடும். இங்கே பகல் முழுக்க வெயில், நாலு மணியானால் தூறல். குடை இல்லாமல் யாரையும் கூட்டி வராதே.

இனி நீ கேட்ட விஷயம். திருச்சியிலிருந்து அத்தை குடும்பம் வருகிறது, கண்டி நடனம் பார்க்க ஆசைப்படுகிறார்கள், மண்டபத்துக்குப் பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று கேட்டிருந்தாய். மச்சான், கண்டியில் கடையைத் தேடுவதற்கு முன்னால் மணியைப் பார். இந்த ஊரில் கெட்டுப்போகிற சாப்பாடெல்லாம் பெரும்பாலும் நேரம் தப்பிப் போனதால் கெட்டுப்போவதுதான்.

ஆட்டம் நடக்கிற இடங்கள் மூன்றும் ஏரியைச் சுற்றித்தான். புத்தரின் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகாவைத் தாண்டி ஏரிக்கரையோடு போனால் கண்டிக் கலைச் சங்க மண்டபம். இன்னும் கொஞ்சம் தள்ளி சங்கமித்தை மாவத்தையில் லேக் கிளப். ஏரிக்குத் தென்மேற்கே பௌத்த இளைஞர் சங்கமான ஒய்.எம்.பி.ஏ. மூன்றிலும் மாலை ஐந்து மணியை ஒட்டித்தான் தொடங்குவார்கள். மண்டபத்துக்கு மண்டபம் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரு மணி நேர ஆட்டம். மயில் நடனம், பெரிய தலையலங்காரத்தோடு ஆடுகிற வெஸ் நடனம், ரபான் மேளம் எல்லாம் முடிந்து கடைசியில் வெளியே வெட்டவெளியில் தீ மிதிப்பு. டிக்கட்டை மண்டபத்து வாசலிலேயே வாங்கு. ஏரிக்கரையில் பின்னாலேயே வந்து "நான் எடுத்துத் தருகிறேன்" என்பவர்களுக்குக் கமிஷன் உண்டு. அவர்கள் காட்டுகிற சாப்பாட்டுக் கடையிலும் உண்டு.

ஆறு மணிக்கு ஆட்டம் முடியும். ஆறரைக்கு மாளிகாவில் மாலைப் பூசை. கண்டிவரை வந்துவிட்டு அத்தை அதைப் பார்க்காமல் போக மாட்டார். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, செருப்பு கழற்றி வைக்கும் இடம், வாசலில் சோதனை, வரிசை எல்லாம் சேர்ந்தால் வெளியே வர எட்டாகிவிடும். வெளிநாட்டவருக்கு உள்ளே போகக் கட்டணம் உண்டு, சார்க் நாட்டவருக்குக் குறைவு, ஆகையால் அவர்களைப் பாஸ்போட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லு. எட்டரைக்கு மேல் கண்டி டவுன் அடங்கத் தொடங்கிவிடும். கொழும்பைப் போலப் பத்து மணிக்குத் தெருவில் நின்று கடை தேடுகிற ஊர் இல்லை இது.

அதனால் இரண்டு தடவையாகச் சாப்பிடுங்கள். நாலு மணிக்குக் கொஞ்சம், எட்டு மணிக்கு முழுசாக. நாலு மணிக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் பூசை வரிசையில் பிள்ளைகள் அழும். வெளியூர்க்காரர்கள் செய்கிற தவறு இதற்கு நேரெதிர்: மூன்றரைக்கு மிஞ்சிக் கிடக்கிற சோற்றைக் கறியோடு வயிறு முட்டத் தின்றுவிடுவார்கள். பிறகு எட்டு மணிக்கு யாருக்கும் பசி இராது, பதினொரு மணிக்கு எல்லாருக்கும் பசிக்கும், அப்போது கடை ஒன்றும் இராது. சோறும் கறியும் பதினொன்றரையிலிருந்து இரண்டு வரைக்கும் நல்லது. அதற்கு மேல் சட்டியின் அடியில் கிடப்பதுதான் தட்டில் விழும்.

நாலு மணிக்கு ஏற்றது சோட்டீஸ், பேக்கரியில் விற்கிற சின்னப் பலகாரங்கள். தலதா வீதியில் டெவோனும் இன்னும் இரண்டு மூன்று பேக்கரிகளும் இருக்கின்றன. முறையைத் திருச்சிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வை: கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், மீன் பணிஸ் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசமும் இல்லை, எல்லாவற்றையும் தின்ன வேண்டும் என்றும் இல்லை. எழும்பும்போது குறைந்ததை எண்ணித்தான் பில். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். காலையில் பொரித்ததா, இப்போது பொரித்ததா என்று பார்க்க ரோல்ஸின் மேல்தூளைப் பார்: புதியது மொறமொறப்பாக உலர்ந்திருக்கும், பழையதில் எண்ணெய் வெளியே கசிந்து அடியில் இருக்கிற தாள் நனைந்திருக்கும். உள்ளே உருளைக்கிழங்கு இருப்பதால் வெக்கையில் மதியத்துக்கு மேல் புளித்துவிடும். பள்ளிக்கூடம், கந்தோர் விடுகிற நேரத்தை ஒட்டி மறுபடி பொரிப்பார்கள். அந்தத் தட்டுக்குக் காத்திரு.

அத்தை சைவம் என்று எழுதியிருந்தாய். இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும். மரக்கறி ரோல்ஸ் என்று பெயர் இருந்தாலும் பல கடைகளில் முட்டையில் தோய்த்துத்தான் தூளில் புரட்டுவார்கள், மீன் ரோல்ஸ் பொரித்த எண்ணெயிலேயே போடுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து மாசி, சூரை மீனைக் காயவைத்த கருவாடு. தேங்காய்ச் சம்பல், சீனிச்சம்பல், கட்டச்சம்பல் மூன்றிலும் பெரும்பாலும் மாசித்தூள் இருக்கும். சில கடைகளில் பருப்பிலும் ஒரு சிட்டிகை விழும். கடைக்காரரிடம் "மரக்கறியா?" என்று கேட்டால் "ஓம், மரக்கறிதான்" என்பார், அவருக்கு மாசி என்பது மீன் கணக்கில் வராது. "மாசி போட்டிருக்கா?" என்றே கேள்.

அத்தைக்காகச் சைவக் கடைக்கே போய்விடுவது நல்லது. டீ.எஸ். சேனாநாயக்க வீதியில் பாலாஜி தோசை இருக்கிறது. அந்த வீதியை அத்தையிடம் திருகோணமலை வீதி என்று சொல்லு, உடனே பிடிபடும். அவர்கள் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு ரயிலேறிய காலத்துப் பேர் இன்னும் பழையவர்கள் வாயில் இருக்கிறது. தலதா வீதிக்கு வார்ட் வீதி என்பார்கள். தோசை, உளுந்து வடை எல்லாம் அங்கே திருச்சிப் பக்கத்து ருசியில்தான் இருக்கும். இவ்வளவு தூரம் வந்து அதையே தின்பதா என்று பையன்கள் முனகினால், அவர்களை வேறு கடைக்கு அனுப்பு. ஒன்பது பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்பம் கேட்பார்கள், நிச்சயம். பகலில் கேட்காதே, மாலையில்தான் சட்டி ஏற்றுவார்கள். ஒரு அப்பத்துக்கு மூன்று, நாலு நிமிஷம் வேண்டும், மூடி போட்டால்தான் நடுவில் வேகும். ஒன்பது பேருக்குத் தலைக்கு மூன்று என்றால் இருபத்தேழு அப்பம். நாலு சட்டி எரிகிற கடையில் ஏழு சுற்று, கிட்டத்தட்ட அரை மணி நேரம். அவசரப்படுத்தினால் சட்டி சூடாகும் முன்பே மாவை ஊற்றுவார்கள், ஓரம் முறுகாமல் நடு மட்டும் மாவாக வரும். ஆகவே உட்கார்ந்த உடனே முட்டை அப்பம் எத்தனை, வெள்ளை அப்பம் எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருங்கள். அத்தைக்குக் கட்டச்சம்பலுக்குப் பதிலாகக் கித்துள் பனையின் பாகான கித்துள் பாணியோ சர்க்கரையோ தரச் சொல்லு.

பையன்களுக்குக் கொத்து ரொட்டி. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் தலதா வீதியிலேயே முஸ்லிம் ஹோட்டல் இருக்கிறது, கண்டியில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். கொத்துக்கு நல்ல ரொட்டி ஆறிய ரொட்டிதான். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூடத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பன்னிரண்டு பதின்மூன்று உருண்டை பிடித்து, எண்ணெயில் இரண்டு மணி நேரமாவது ஊறவிட்டு வீசுவார்கள். சுட்ட சூட்டோடு கொத்தினால் களியாகிவிடும். ஆறினால்தான் கீற்றுக் கீற்றாக நிற்கும். அதற்காக நேற்றைய ரொட்டி என்றால் ரப்பர்! ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று ரொட்டி, ஒன்றிரண்டு முட்டை, லீக்ஸ், கரட், வெங்காயம், ஒரு அகப்பை இறைச்சிச் சாறு. கெடுவது பெரும்பாலும் சாற்றில்தான். கூட்டம் கூடினால் காய் வதங்குமுன் சாற்றை ஊற்றிவிடுவார்கள், கல்லின் சூடு இறங்கி எல்லாம் கூழாகும். "சாறு வேறாக வையுங்கள்" என்று சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம். அத்தைக்கு மரக்கறிக் கொத்து வாங்க நினைக்காதே: முட்டையும் மாட்டிறைச்சியும் அதே கல்லில், அதே தகட்டில்தான் கொத்துப்படும். பலகையில் டொல்பின் கொத்து என்று இருந்தால் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி வை. டொல்பினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ரொட்டியைச் சதுரமாக வெட்டிப் போடுகிற வகை.

தேத்தண்ணி பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, திருச்சிக்காரர்களுக்கு நீ சொல்ல வேண்டும். அங்கே பாலில் கொதித்த டீயைக் குடித்துப் பழகியவர்களுக்கு இங்கே பால்மாத் தேத்தண்ணி இனிப்புக் கஞ்சி மாதிரித் தெரியும். இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத சாயத்தண்ணி வாங்கிக் கொடு, சீனியைத் தனியாகக் கேள். மலையில் பறித்த கொழுந்தில் நல்லது கப்பலேறிப் போய்விட, கடைத் துணிப்பைக்குள் விழுவது தூள். தூளில் சாயம் சட்டென்று இறங்கும், ஆனால் அதே பையில் மூன்றாம் தடவை வெந்நீர் ஊற்றினால் கசப்புத்தான் மிஞ்சும். கூட்டமான கடையில் பையை அடிக்கடி மாற்றுவார்கள். காலியான கடையில் சாயத்தண்ணி குடிக்காதே, இது ஒன்றை மட்டும் யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு நெக்டோ சோடா, அல்லது ஜிஞ்சர் பியர். பேரில்தான் பியர், உள்ளே வெறும் இஞ்சிச் சோடா. தண்ணீர்ப் போத்தலின் மூடி முறியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அத்தையின் பையன்கள் இருவரும் சாராயம் ருசி பார்க்க வேண்டும் என்று உன்னிடம் காதைக் கடித்தார்களாமே. மாளிகாவுக்குப் போய்வந்த பிறகு மட்டும். மாளிகாவுக்கு எதிரே குயின்ஸ் ஹோட்டலில் பார் இருக்கிறது. பழைய காலத்து மேசை நாற்காலி, அமைதியான இடம், விலை அதற்கேற்ற மாதிரி, சேவைக் கட்டணமும் பில்லில் ஏறும். தென்னஞ்சாராயத்துக்கு மேற்சொன்ன ஜிஞ்சர் பியர்தான் சரியான ஜோடி. போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்றால் பொலிஸ் வரும். போயா நாளில், அதாவது பௌர்ணமியில், நாடு முழுக்க மதுக்கடை பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு, மாளிகாவிலோ சனம் அலைமோதும். நீ எழுதிய தேதியைக் கலண்டரில் ஒரு தடவை பார்த்துவிடு.

பார்சல் கட்டிக்கொண்டு ஏரிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். பகலில் சரி. ஐந்தரைக்கு மேல் அந்த மரங்களுக்கு அடியில் பார்சலைப் பிரிக்காதே. ஊரிலுள்ள காக்கையெல்லாம் அங்கேதான் அடையும், சோற்றில் விழுவது கறிவேப்பிலையாக இராது. 1807இல் அந்த ஏரியை வெட்டுவித்த கண்டியின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நம்ம கண்ணுசாமி, அதை மட்டும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அத்தை "இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். தோட்டத்துக் காமன் கூத்தில் மாசி அமாவாசை கழித்து மூன்றாம் நாள் கம்பம் நட்டு, பௌர்ணமி ராத்திரி விடிய விடிய மதன் எரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் போதாது. அங்கே பெரிய கேத்தலில் சாயத்தண்ணி ராத்திரி முழுக்கச் சுற்றி வரும், கடை தேடுகிற வேலையே இல்லை. ஆனாலும் வெஸ்காரர்களின் சுழற்சியை முன் வரிசையில் இருந்து பார்க்கச் சொல்லு, நாலரைக்கே போனால் இடம் கிடைக்கும்.

மூன்று சக்கரத்தில் ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள், அல்லது ஃபோனில் பிக்மீ செயலியில் கூப்பிடு. தேதி உறுதியானதும் எழுது, எத்தனை பேர் சைவம் என்றும் எழுது. எருமைத் தயிர் ஒரு சட்டியும் கலப்பில்லாத கித்துள் பாணி ஒரு போத்தலும் வீட்டில் வாங்கி வைக்கிறேன். கடைப் பாணியில் சீனிதான் பாதி. புகை வாசம் வந்தால்தான் நம்பலாம். அதை ராத்திரி வந்து சாப்பிடலாம்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
ராமு