9 லிட்டர், 6 லிட்டர் வாளிகளில் 4 லிட்டர் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் பக்கப் புதிரில் 9 லிட்டர் வாளியும் 6 லிட்டர் வாளியும் கொண்டு 4 லிட்டர் தண்ணீர் அளக்கச் சொல்லியிருந்தீர்கள். எத்தனை முறை ஊற்றினாலும் வராது. இரண்டும் 3-ஆல் வகுபடும் எண்கள். நிரப்பினாலும், கொட்டினாலும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினாலும் வாளியில் நிற்பது 0, 3, 6, 9 இவற்றில் ஒன்றுதான். விடையில் கண்ணளவாக ஊற்றச் சொன்னது புதிரையே கெடுத்துவிட்டது.

4 லிட்டர்தான் வேண்டுமென்றால் 5, 3 லிட்டர் வாளிகளைக் கொடுங்கள். 5-ஐ நிரப்பி 3-இல் ஊற்றினால் பெரியதில் 2 மிஞ்சும். சின்னதைக் கொட்டிவிட்டு அந்த 2-ஐ அதில் மாற்றி, 5-ஐ மறுபடி நிரப்ப வேண்டும். சின்னதில் இன்னும் 1 லிட்டருக்குத்தான் இடம். அதை ஊற்றியதும் பெரியதில் 4 நிற்கும். மொத்தம் 6 செயல். சின்ன வாளியில் தொடங்கினாலும் விடை வரும், ஆனால் 8 செயல் ஆகும். பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: மிஞ்சிய 2-ஐக் கொட்டிவிடுவார்கள். கொட்ட வேண்டியது நிரம்பிய சின்ன வாளியை.

நிரப்பக் குழாயே இல்லாத, கீழே கொட்டவும் கூடாத புதிர் இன்னும் சுவையானது. அதற்கு நம் பழைய அளவைகள் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். ஒரு படிக்கு 8 ஆழாக்கு, ஓர் உரிக்கு 4. படி நிறைய எண்ணெய். கையில் 5 ஆழாக்கு, 3 ஆழாக்குப் பாத்திரங்கள். இருவருக்கு ஆளுக்கோர் உரியாகப் பிரிக்க வேண்டும். படி, 5, 3 என்ற வரிசையில் எழுதினால்: 8-0-0, 3-5-0, 3-2-3, 6-2-0, 6-0-2, 1-5-2, 1-4-3, 4-4-0. ஏழே ஊற்று. ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதே 8, 5, 3 கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

பர்மாவில் அரிசி அளக்கும் படி போன்ற அளவையான பியி ஒன்றுக்கு 8 பால் டின் என்பதால், இதை அரிசியில் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அரிசி குவித்தால் ஓர் அளவு, தலைதட்டினால் வேறோர் அளவு. நிரம்பியது எப்போது என்பதே சந்தேகமாகிவிடும். எண்ணெயிலும் சிக்கல் உண்டு. ஒவ்வொரு ஊற்றிலும் பாத்திரச் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஏழாவது ஊற்றுக்குள் இரண்டு உரியும் குறைந்திருக்கும், அதுவும் சமமாக அல்ல. தவிர, இங்கே கடையில் எண்ணெயை வீசைக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. எடையைப் பாத்திரத்தின் கொள்ளளவாக எடுத்துக்கொண்டால் எதுவும் பொருந்தாது. ஏட்டில் எண்ணெய் இருக்கட்டும், வகுப்பில் தண்ணீரே போதும்.

பாதி அளவை மட்டும் வேறு வழியிலும் காணலாம். பக்கங்கள் நேரான உருளைப் பாத்திரத்தைச் சாய்த்து, தண்ணீர் ஒரு பக்கம் வாய் விளிம்பையும் எதிர்ப்பக்கம் அடி விளிம்பையும் தொட்டு நின்றால் அது சரிபாதி. மேலே அகன்ற வாளியில் இது பலிக்காது. இதை அனுமதித்தால் படிக்கணக்கு ஒரே சாய்ப்பில் முடிந்துவிடும், சாய்ப்பதைத் தடுத்துவிடுங்கள்.

திருத்தம் வெளியிடும்போது குழாய் உண்டா, கீழே கொட்டலாமா என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

தமிழ் வகுப்பில் கணக்குச் சொல்லித் தருபவர்,
யாங்கோன்