கேமராவை அணைத்துவிட்டுப் பேசாதே

கண்ணா,

போனில் நான் ஆரம்பித்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நெட் சரியில்லை என்று சொல்லி நீ கேமராவை அணைத்தபோது முதலில் நம்பினேன். லீவுக்கு வருகிறேன் என்றாய், தள்ளிப் போட்டாய், அப்புறம் மறுபடியும் தள்ளிப் போட்டாய். வேலை அதிகம் என்றால் சரி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் வேலை இல்லை, உடம்பு திரும்பப் போட்டுவிட்டது, அதைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய். தங்கையைத் திட்டாதே, நான் வற்புறுத்திக் கேட்டதால்தான் சொன்னாள்.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் கண் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி அவரே விரிவாக எழுதுவார். நீ கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது செய்தாய்?

நீ 18 கிலோ குறைத்தது சின்ன விஷயம் இல்லை. ஷூ மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கியவன் 10 கிலோமீட்டர் ஓடி முடித்து அந்த போட்டோவை அனுப்பினாய். அதைப் பார்க்காதவர் நம் சொந்தத்தில் யாரும் இல்லை, எல்லோரிடமும் காட்டினேன், இனியும் காட்டுவேன். எடை திரும்பி வந்துவிட்டதால் அந்த ஓட்டம் பொய்யாகிவிடுமா? தங்கையிடம் "எல்லாம் வீணாப்போச்சு" என்று சொன்னாயாம். அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. எடை ஏறியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இத்தனை வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் நான். எடை குறைத்துவிட்டு திரும்ப ஏற்றிக்கொண்டு, டாக்டர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான், "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை சிஸ்டர்." நீயும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய். அது சரியில்லை கண்ணா. உடம்பில் கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. போதும், சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். அதே நேரத்தில் வயிற்றிலிருந்து வரும் கிரெலின், பசியைக் கிளப்புவது, கூடுகிறது. உடம்பைப் பொறுத்தவரை நீ அழகாக இளைக்கவில்லை, பஞ்சத்தில் இருக்கிறாய். இழந்ததைத் திரும்பச் சேர்க்கத்தான் அது பார்க்கும்.

இது ஒரு மாதத்தில் அடங்கிவிடுவதும் இல்லை. 2011இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடை குறைக்க வைத்தார்கள், சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பசி ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, ஆரம்பத்தில் இருந்ததைவிட அவர்களுக்குப் பசி கூடவே இருந்தது. அமெரிக்காவில் ஒரு டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்ததில், அவர்களின் உடம்பு எரிக்க வேண்டிய அளவைவிட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. அது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. நீ அதற்கு எதிராக அத்தனை மாதம் தாக்குப்பிடித்தாய். உன்னைப் பார்த்து மனக்கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னாலும், சித்தியே சொன்னாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்று, இதையே சாக்காக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. உடம்பு இழுக்கும் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளலாம், அதற்காகத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் 1994இல் ஆரம்பித்த ஒரு பதிவேடு இருக்கிறது. 13 கிலோவுக்கு மேல் குறைத்து, அதை ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்கள் அதில் சேரலாம், பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்னால் குறைத்து, திரும்ப ஏற்றி, மறுபடி ஆரம்பித்தவர்கள்தான். நீ இப்போது நிற்கிற இடத்தில் அவர்களும் நின்றிருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் பெரிய வித்தை இல்லை, தினமும் சுமார் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்த்துக்கொள்கிறார்கள்.

நீ அந்த மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாயாம். வெளியே எடு. வாரத்தில் ஒரே நாள், காலையில் பார்த்து எழுதி வை, போதும். தினமும் ஏறி நின்று மனசை உடைத்துக்கொள்ளாதே. ரெண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் சர்ரென்று இறங்குவதும் அதே தண்ணீர்தான். உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது கரைந்தால் தண்ணீரும் போய்விடும், நிரம்பினால் திரும்பவும் வந்துவிடும். முதல் வாரத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டு மூன்றாவது வாரம் இறங்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் வேலையாக, இன்றைக்கு என்ன எடையோ அதில் நில். ஒரு மாதம், ரெண்டு மாதம், ஏறாமல் பார்த்துக்கொள். நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியும், அந்த போட்டோவில் இருந்த எடையை மனசில் வைத்துக்கொண்டு, அங்கே போக எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மலைத்துப்போய் அன்றைக்கே கைவிட்டுவிடுகிறாய். அந்தக் கணக்கே வேண்டாம். ஓடவும் வேண்டாம், நட. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் நடந்தாலும் கணக்கில் சேரும். வாரத்தில் ரெண்டு நாளாவது எடை தூக்கு, இல்லையென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து எழுந்து செய், ஏனென்றால் வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போய்விடுகிறது, திரும்ப ஏறும்போது அதிகமும் கொழுப்பாகவே ஏறுகிறது. போன தடவை நீ ஓடினாயே தவிர இதைச் செய்யவில்லை. அப்புறம் தூக்கம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை விடு. தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் மாவுக்கும்தான் மனசு போகும். தூங்கு. இதை உனக்கு எத்தனை தடவை சொல்வது.

ரத்தப் பரிசோதனை செய்தாயா, சொல்லு.

எடை குறைக்கிற ஊசி போடலாமா என்று தங்கையிடம் கேட்டாயாம். அவளிடம் ஏன் கேட்கிறாய், நான் இருக்கிறேனே. அது தப்பில்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை, டாக்டர் உனக்குத் தேவை என்றால் போட்டுக்கொள். ஆனால் தெரிந்துகொண்டு போடு. செமாகுளுடைட் என்ற எடை குறைக்கிற ஊசியை நிறுத்தியவர்களைக் கவனித்ததில், குறைந்த எடையில் மூன்றில் ரெண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பியிருந்தது. பிரஷர் மாத்திரை மாதிரிதான் அதுவும், நிறுத்தினால் வேலை செய்யாது. மூன்று மாசம் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடாதே. ஆன்லைனில் யார் யாரோ விற்பதை வாங்கவே வாங்காதே. டாக்டரிடம் போகும்போது தைராய்டும் பார்க்கச் சொல், நீ சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் காட்டு, சில மருந்துகளே எடையை ஏற்றும்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் உன் தொப்பையைப் பார்த்துப் பயப்படவில்லை. பெரியப்பாவுக்கு முப்பத்தெட்டில் சர்க்கரை வந்தது. அப்பாவுக்கு நாற்பதில். உனக்கு என்ன வயசு என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவின் கால் விஷயத்தில் நீ கூடவே இருந்தாய், அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒவ்வொரு போனிலும் டெஸ்ட் டெஸ்ட் என்று கேட்கிறேன், நீ எரிச்சல்படுகிறாய்.

இதையும் கேள். சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2002இல் முடிவு வந்தது. அதில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த இலக்கு உடம்பு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பதும்தான். 100 கிலோ இருப்பவருக்கு வெறும் 7 கிலோ. அவர்களுக்குச் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது, உனக்கு நடந்த மாதிரியேதான். அப்படியிருந்தும் மற்றவர்களைவிட அவர்களுக்குச் சர்க்கரை வந்தது 34 சதவீதம் குறைவு. நீ வீணாப்போச்சு என்கிறாயே, அது வீணாகவில்லை கண்ணா, எடை திரும்பியவர்களுக்கும் அந்த உழைப்பு வருஷக்கணக்கில் காவல் நின்றிருக்கிறது. உனக்கும் நிற்கும், நீ முழுசாக விட்டுவிடாமல் இருந்தால்.

லீவு போட்டு வா. இளைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லாதே, அதற்காக இன்னும் ஒரு வருஷம் உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. யாராவது வாய் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் நானும் நடக்கிறேன், மெதுவாகத்தான் நடப்பேன், நீ வந்தால் சேர்ந்து போகலாம்.

வருவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிடு. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பது ஒன்று, அதன் மூன்று மாதச் சராசரி பார்ப்பது ஒன்று, ரெண்டும். ரிசல்ட் எப்படி இருந்தாலும் எனக்கு முதலில் அனுப்பு, தங்கைக்கு இல்லை.

அம்மா