ரெக்கார்ட் நோட்டுல ஒட்டுற அவுட்புட்டும் கப்பல் ஓட்டுற ப்ரோக்ராமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கடிதப் பகுதியில ஒரு வாசகர், இன்ஜினியரிங் பசங்க எல்லா ப்ரோக்ராமையும் ஏஐ கிட்ட கேட்டு வாங்கி ஒப்பேத்துறாங்க, அதனால லேப் பரீட்சையையும் பேப்பர்லயே எழுத வைக்கணும்னு எழுதியிருந்தார். நான் ஒரு தனியார் காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட், பதினாலு வருஷமா இதே வேலை. அவர் சொன்ன வியாதி உண்மைதான் சார், மருந்துதான் தப்பு. ஏன்னா ஏஐ வர்றதுக்கு முன்னாடியும் இங்க இதே கதைதான், சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவான், எய்ம், அல்காரிதம், ப்ரோக்ராம், அவுட்புட், கடைசியில "தஸ் தி ப்ரோக்ராம் வாஸ் எக்ஸிக்யூட்டட் சக்சஸ்ஃபுல்லி"ன்னு ஒரு வரி. ரன்னே பண்ணாத ப்ரோக்ராமுக்குக் கூட அந்த வரி இருக்கும். சில பேரு அவுட்புட்ல பக்கத்து பையன் பேரோட அப்படியே ஒட்டிட்டு வருவாங்க, அதுக்கும் கையெழுத்து விழுந்துடும்.

நான் சொல்ல வந்தது வேற. நாங்க ஒரு பேட்ச்சுக்கு சனிக்கிழமை மத்தியானம் மட்டும் வேற மாதிரி செஞ்சு பார்த்தோம். ஹாலைட்னு ஒரு போட்டி, நியூயார்க்ல இருக்கிற டூ சிக்மாங்கிற முதலீட்டு கம்பெனி நடத்தினது. அதோட மூணாவது சீசன் 2018 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2019 ஜனவரியில முடிஞ்சு போச்சு, ஆனா ஆட்டத்தை நடத்துற ப்ரோக்ராம் (கேம் இன்ஜின்) ஓபன் சோர்ஸ், யார் வேணா சும்மா எடுத்துக்கலாம், ஒரு தடவை இறக்கிட்டா நெட் இல்லாம நம்ம லேப்லயே ஓட்டலாம். எங்க லேப்ல நெட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, அதனால இது ரொம்ப வசதியா போச்சு.

ஆட்டம் இதுதான். 32க்கு 32லேர்ந்து 64க்கு 64 வரைக்கும் கட்டம் போட்ட கடல். ஒவ்வொரு கட்டத்துலயும் ஹாலைட்ங்கிற பொருள் கூடக் குறைய கிடக்கும். கடல் ஓரத்துல முடியாது, இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வந்து நிப்பீங்க. கையில 5000 ஹாலைட்டோட ஆரம்பிக்கணும், ஒரு கப்பல் விலை 1000. கப்பல் போய் அள்ளி, திரும்ப ஷிப்யார்டுல, அதாவது நம்ம துறைமுகத்துல, வந்து கொட்டணும், 400லேர்ந்து 500 டர்ன் (எல்லாரும் ஒரு தடவை நகர்றது ஒரு டர்ன்) முடியும்போது யார் கணக்குல அதிகம் இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க. இதுல மனுஷன் கீபோர்டைத் தொடவே கூடாது. நீங்க எழுதின பாட்தான் (தானா ஆடுற ப்ரோக்ராம்) ஆடும், அதுவும் டர்னுக்கு ரெண்டு செகண்டுக்குள்ள பதில் சொல்லியாகணும், மீறினா ஆட்டத்துலேர்ந்தே தூக்கிடும்.

கேட்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும். அங்கதான் விஷயமே. ஒரு கட்டத்துல நின்னா அங்க இருக்கிறதுல 25 சதவீதம்தான் ஒரு டர்ன்ல அள்ள முடியும். 400 இருந்தா முதல்ல 100, அடுத்து 75, அடுத்து 57, அப்புறம் 42. குறைஞ்சுகிட்டே வருது. கிளம்பணும்னா அந்தக் கட்டத்துல மிச்சம் கிடக்கிறதுல 10 சதவீதம் நம்ம கப்பல்லேர்ந்தே செலவாகும், அது கூட இல்லைன்னா நகரவே முடியாது. கப்பல்ல 1000க்கு மேல ஏத்தவும் முடியாது. அப்ப எத்தனை டர்ன் நிக்கணும், எப்ப அடுத்த கட்டத்துக்குப் போகணும், எவ்வளவு நிறைஞ்சதும் வீட்டுக்குத் திரும்பணும்? தூரத்துல 900 கிடக்கு, பக்கத்துல 300 கிடக்கு, எதுக்குப் போகணும்? பசங்க முதல் வாரம் எல்லாரும் பெருசுக்கே ஓடினாங்க. போக இருபது டர்ன் வர இருபது டர்ன், அதுக்குள்ள பக்கத்துலயே சுத்தி வந்தவன் ரெண்டு லோடு கொட்டிட்டு மூணாவதுக்குப் போயிட்டான். அப்புறம்தான் எவ்வளவு இருக்குன்னு பார்க்காம, போற வர்ற நேரத்தால வகுத்துப் பார்க்கணும்னு ஒருத்தன் எழுந்து போர்டுல எழுதினான், யாரும் சொல்லிக் குடுக்கல. காய்கறி வண்டிக்காரருக்கு இது நாம சொல்லியா தெரியணும், பெரிய ஆர்டர்னு டவுனுக்கு வெளிய அஞ்சு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டுப் போவாரா என்ன.

அடுத்த பிரச்சனை இன்னும் சுவாரசியம். கப்பல் பத்து பதினஞ்சு ஆனதும் எல்லாக் கப்பலும் அதே நல்ல கட்டத்துக்கே போட்டி போட ஆரம்பிச்சுது. ஒரே கட்டத்துக்கு ரெண்டு கப்பல் ஒரே டர்ன்ல வந்தா ரெண்டும் முழுகிடும், நம்ம கப்பலோட நம்ம கப்பல் மோதினாலும் அதே கதிதான். எந்தக் கப்பலை எந்தக் கட்டத்துக்கு அனுப்பினா மொத்தத்துல லாபம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒரு பொண்ணு, சார் இது ஆபரேஷன்ஸ் ரிசர்ச்ல வந்த அசைன்மென்ட் ப்ராப்ளம் தானேன்னா. ஆமா! ஹங்கேரியன் மெத்தட். குன்ங்கிற கணக்கு நிபுணர் 1955ல எழுதினது, பரீட்சையில பதினாறு மார்க்குக்கு அத்தனை பேரும் வரி வரியா கழிச்சு கோடு போட்டு எழுதினதுதான், அது நிஜத்துல எதுக்கு ஆகும்னு அன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது (எனக்கும்தான், பொய் சொல்வானேன்). நிஜப் போட்டியிலயும் நிறைய பேரு இதைத்தான் வச்சிருந்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது.

அப்புறம் ட்ராஃபிக் ஜாம். ஆரம்பத்துல குடுக்கிற ஸ்டார்ட்டர் பாட் ரொம்ப பாவம், சும்மா திசை தெரியாம அலையும், கப்பல் நிறைஞ்சா வீட்டுக்கு வரணும்னு கூடத் தெரியாது. கூட வர்ற, கப்பலுக்கு வழி சொல்ற நேவிகேட் ஃபங்ஷன் மோதல் ஆகக்கூடாதுன்னு, ஆள் நிக்கிற கட்டத்துக்குப் போகவே மாட்டேங்கும். ஒரு டீம்ல ஷிப்யார்டு வாசல்ல லோடோட ஒரு கப்பல், உள்ளேர்ந்து வெளிய வர ஒரு கப்பல், சந்துல ரெண்டு லாரி எதிரெதிரா நின்ன மாதிரி நின்னு, பின்னாடி மொத்தக் கூட்டமும் நூறு டர்ன் சும்மா கிடந்துது. ரீப்ளே பார்த்து லேப்பே சிரிச்சுது. எல்லாரும் ஒரே நேரத்துல நகர்றதால ரெண்டும் இடம் மாத்திக்கிட்டா மோதலே கிடையாதுன்னு ரூலைத் திரும்பப் படிச்சப்பதான் புரிஞ்சுது. இன்னொரு டீம் கிழக்கு மேற்குல உள்ள வரணும், வடக்கு தெற்குல வெளிய போகணும்னு ஒன்வே போட்டுட்டாங்க, அதுவும் நல்லாவே ஓடுச்சு. கடைசி டர்ன்கள்ல மட்டும் நம்ம ஷிப்யார்டு மேலயே கப்பல்களை மோத விட்டா நஷ்டமில்ல, முழுகினாலும் சரக்கு நம்ம கணக்குல சேர்ந்துடும், இனிமே கப்பல் எதுக்கு? இதைக் கண்டுபிடிச்ச பையன் சாதாரணமா வைவாவுல வாயே திறக்க மாட்டான்.

இப்ப அந்த வாசகர் கேட்ட ஏஐ விஷயத்துக்கு வர்றேன். ஒருத்தன் கேட்டு வாங்கித்தான் வந்தான், எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் சொல்லல. முதல் சனிக்கிழமை நல்லாவே ஆடுச்சு. ரெண்டாவது வாரம் மத்தவங்க பாட் மாறிடுச்சு, அவனோடது அப்படியே. எதிரி கப்பல் ஒண்ணு வந்து அவன் ஷிப்யார்டு மேலயே உக்காந்துடுச்சு, அவன் கப்பல்கள் சுத்திச் சுத்தி நின்னுக்கிட்டு இருக்கு, கோட்ல எந்த இடத்தைத் தொடணும்னே அவனுக்குப் புரியல. அப்புறம் உக்காந்து வரி வரியா படிக்க வேண்டியதாயிடுச்சு. காப்பி அடிச்சாலும் இதே நிலைமைதான், யார் கிட்டேர்ந்து காப்பி அடிச்சீங்களோ அவன் ராத்திரி ஒரு வரி மாத்திட்டு வந்து மறுநாள் உங்களையே தோற்கடிப்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேப் வேற வேற, அதனால அவுட்புட்டை முன்னாடியே எழுதி வச்சுக்கவும் வழியில்ல.

இதுக்கு பெரிய செலவும் கிடையாது. எங்க மெஷின் எல்லாம் 4 ஜிபி ராம், கொஞ்சம் முனகிக்கிட்டு ஓடும், ஆனா ஓடும். தானா கத்துக்கிற நியூரல் நெட்வொர்க் எல்லாம் வேணுமோன்னு பசங்க பயந்தாங்க. அந்த சீசன்ல முன்னணியில இருந்த பல பாட் கையால எழுதின ரூல்தான். ஹாலைட் வேண்டாம்னா வேறயும் இருக்கு, 2011ல கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டி பசங்களோட கம்ப்யூட்டர் கிளப் கூகுள் ஆதரவோட நடத்தின எறும்பு ஆட்டம், தீனி பொறுக்கிப் புத்தைக் காப்பாத்தணும். 2020ல காகிள்ங்கிற ப்ரோக்ராமிங் போட்டி வெப்சைட் நடத்தின ஹாலைட்ல 21க்கு 21 கட்டம், நாலு பேர், அதுல மோதினா சரக்கு கம்மியா இருக்கிற கப்பல் பிழைச்சு மத்தவன் சரக்கைப் பிடுங்கிக்கும். முதல் தடவை ஆடுறவங்களுக்கு அது கொஞ்சம் அடிதடி ஜாஸ்தி, மூணாவது சீசனே போதும்னு என் அபிப்பிராயம்.

அடுத்த செமஸ்டர்ல இதைக் கேட்டப்ப "சிலபஸ்ல இல்லையே, மார்க் ஷீட்ல எந்தக் கட்டத்துல போடுறது"ன்னு பதில் வந்துது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தா ரெக்கார்ட் நோட்டைத்தான் காட்டணும், கப்பலைக் காட்ட முடியாதாம். அதுலயும் நியாயம் இருக்கு, நான் மறுக்கல. அதனால எல்லாத்தையும் மாத்துங்கன்னு கேட்கல. பத்துப் பன்னிரண்டு எக்ஸர்சைஸ்ல ஒண்ணே ஒண்ணை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு பாட் எழுத விடலாம், நோட்டுல அவுட்புட்டுக்குப் பதிலா எந்த ஆட்டத்துல ஏன் தோத்தேன்னு ஒரு பக்கம் எழுதினா போதும். சிலபஸ் போடுறவங்க யாராவது உங்க பத்திரிகை படிப்பாங்கன்னுதான் இவ்வளவு நீளமா எழுதிட்டேன், இடம் இல்லைன்னா அந்த காய்கறி வண்டிக்காரர் வரியை வெட்டிக்கோங்க, ட்ராஃபிக் ஜாம் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு லேப் அசிஸ்டென்ட்,
ஈரோடு மாவட்டம்.