ஏழாவது உறை

திருவான்மியூர்

அன்புள்ள விஜி,

திட்டாதே. தீபாவளிக்கு முன்னாலேயே எழுத உட்கார்ந்தேன், சம்ப், அதுதான் தரைக்கடித் தொட்டி, காலி என்று வாட்ச்மேன் கூப்பிட்டார். எழுந்து போனவள் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். உன் முழங்கால் செய்தி சாந்தி மூலம் வந்தது. அவள் சொல்வதில் வழக்கம்போல் பாதியைக் கழித்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ஒரு கிணறு இருக்கிறது. "அரைவாளி அம்மணி" என்று நீ கேலி செய்யும் எனக்குக் கிணறு! சிரித்து முடித்துவிட்டாயா?

போன சித்திரையில் போர்வெல் தண்ணீர் கெட்டுப்போனது. எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு வேகவில்லை. குழாய்களெல்லாம் வெள்ளை பூத்துவிட்டன. அசோசியேஷன் கூட்டத்தில் முந்நூறு அடிக்குப் புது போர் போடலாம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் கடற்கரை மணலில் குடியிருக்கிறோம். இங்கே மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே அந்த ஓரடி இறங்கினால் போதும், அடியிலிருந்து உப்பு மெல்ல நாற்பது அடி ஏறிவிடும். இன்னும் ஆழமாகத் துளை போட்டால் கடலைத்தான் இறைப்போம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் 1960களின் கடைசியிலிருந்தே அளவில்லாமல் இறைத்து, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை திறந்தோம். இந்த வேடிக்கையைச் சொன்னால், "மேடம் இன்னும் கிளாஸ் எடுக்கிறாங்க" என்றார் பொருளாளர்.

வாட்ச்மேன்தான் காப்பாற்றினார். நாலாம் நம்பர் கார் நிற்கும் இடத்தில், பழைய வீட்டுக் கிணற்றை ஸ்லாப் போட்டு மூடியிருக்கிறார்களாம். திறந்தோம். மொத்தம் இருபத்திரண்டு உறை, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வளையம். அடியில் உடைந்த டைல்ஸ், சிமென்ட் மூட்டை, ஒரு குழந்தைச் சைக்கிள். மூன்று நாள் தூர் வாரினார்கள்.

அடுத்தது மொட்டைமாடிக் குழாய். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் கட்டடத்திலும் குழாய் இருந்தது. அது நேரே தெருக்கால்வாயில் போய் முடிந்தது. அதைத் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டோம். எங்கள் மாடி மூவாயிரம் சதுர அடி. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பார், நாலு லட்சம் லிட்டர் கிட்ட வருகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் முப்பதுக்கும் மேல்! 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது வேடிக்கை பார்த்த நமக்கு, தலைக்கு மேல் இருந்த கணக்கு தெரியவில்லை.

கார்த்திகை முடிவில் தண்ணீர் மேலிருந்து ஏழாவது உறையில் நின்றது. தினமும் விடிந்ததும் டார்ச் அடித்து எண்ணுவேன். பருப்பு மூன்று விசிலில் வெந்தது. இவர் என்னைப் "பொதுப்பணித் துறை" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இப்போதுதான் வயிற்றெரிச்சல். பக்கத்து மனையில் புதுக் கட்டடம், தரைக்குக் கீழே இரண்டு தளம். பள்ளத்தில் ஊறும் நீரை ராத்திரி பகலாக மோட்டார் வைத்து இறைத்துக் கால்வாயில் விடுகிறார்கள். பத்தே நாளில் என் தண்ணீர் பதினோராவது உறைக்குப் போய்விட்டது. அந்தக் குழாய் வாயில் ஒரு சொம்பு பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது, நாக்கில் உப்பே இல்லை. உள்ளே போய்ச் சண்டை போட்டேன். பையன் இன்ஜினீயர், நல்லவன்தான். "வேஸ்ட் தண்ணிதானே மேடம், வேணும்னா ஒரு ஹோஸ் தர்றேன், உங்க சம்புக்கு விட்டுக்குங்க" என்றான். என் கிணற்றுத் தண்ணீரை எனக்கே தானம் செய்கிறான், விஜி. பேசாமல் ஹோஸை வாங்கி வந்தேன். சம்புக்குக் கொடுக்கவில்லை, மணல் தொட்டியில் விட்டேன். அது கிணற்றுக்குப் போய், மண்ணுக்குள் ஊறி, மறுபடி அவன் பள்ளத்துக்கே வருகிறது என்று நினைக்கிறேன். அவன் மோட்டார் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைக்கிறது.

பழைய சட்டமும் அவன் பக்கம்தான். 1882ஆம் வருஷச் சட்டத்தின்படி, தன் மனைக்குள் கிடைக்கும் நிலத்தடி நீரை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். மனையின் எல்லைக்கல் தண்ணீருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் பெங்களூரில் 2024 கோடையில் நீ லாரிக்கு வரிசையில் நின்றதைச் சொன்னபோது கிண்டல் செய்தேன், மன்னித்துக்கொள். உன் அடுக்ககத்தின் ஆயிரம் அடி போர் பாறையிடுக்குத் தண்ணீர். எங்கள் மணல் மாதிரி ஒரு மழையில் ஏறாது. ஆனாலும் பழைய கிணறு ஏதாவது உண்டா என்று வாட்ச்மேனைக் கேட்டுப் பார். செக்ரட்டரியைக் கேட்காதே.

பொங்கலுக்கு வருகிறாயா, இல்லையா? வந்தால் டார்ச் கொண்டு வா. என்னுடையது நேற்று கிணற்றில் விழுந்துவிட்டது. விழுந்த சத்தத்தை வைத்துப் பார்த்தால் பன்னிரண்டாவது உறை.

உன்,
கோமதி